எட்டரை மணி ரபீக்கா

கழுத்துப் பட்டியை ஊசிக்குக் கீழே கொடுத்து நாலு விரற்கடை தைத்த கையோடு ரபீக்கா மெஷினை நிறுத்திவிட்டாள். மணி எட்டு இருபத்தேழு. முன்னால் கதிரையில் இருந்த பெண், பதினொரு மணிக் கலியாணத்துக்குச் சட்டை வாங்கிப்போக வந்தவள், பதறிப்போனாள்.

"இன்னும் கொஞ்சந்தானே ராத்தா, முடிச்சுப்போட்டுப் போங்களன்."

"சட்டை காத்துக்கொண்டு இரிக்கும். எட்டரை இரிக்காது."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு கொப்பியும் பேனையும் கைத்தொலைபேசியுமாக முற்றத்தில் இறங்கினாள். வானம் துடைத்து வைத்த பீங்கான் கோப்பை போல இருந்தது. மேகம் என்று சொல்ல ஒரு பஞ்சுத் துணுக்குக்கூட இல்லை. பன்னிரண்டு நாளாக இதே வானம். ஆனாலும் முற்றத்தின் நடுவே, இடுப்பளவு கம்பத்தில் பொருத்தியிருந்த மழைமானிக்கு முன்னால் அவள் முழங்காலை மடக்கிக் குந்தினாள். கண்ணைக் குழாயின் கோடுகளுக்கு நேராகக் கொண்டுவந்தாள். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் அடியிலிருந்து மேலே வரை பார்த்தாள். குழாய்க்குள் ஓர் எறும்பு மட்டும் இருந்தது. அதைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, கொப்பியில் திகதி போட்டு, "0.0" என்று எழுதினாள். புள்ளியை அழுத்திக் குத்தினாள். படம் எடுத்துத் திருகோணமலை அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

"வெறுங்குழாய்க்கு என்னத்துக்குப் புள்ள குந்துறாய்? நிண்டுகொண்டே தெரியுதே" என்று வாசலில் தேத்தண்ணியோடு நின்ற அவள் கணவன் பாஹிம் கேட்டான்.

"சைபரும் ஒரு அளவுதான். நிண்டு பாத்த சைபருக்கும் குந்திப் பாத்த சைபருக்கும் வித்தியாசம் இரிக்கு."

என்ன வித்தியாசம் என்று அவன் கேட்கவில்லை. பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் கேட்கக்கூடாத கேள்விகள் எவை என்று அவனுக்குத் தெரியும்.

தோப்பூரிலிருந்து கிளிவெட்டிக்குப் போகும் பாதையில், உள்ளே திரும்பி இரண்டாவது வீடு ரபீக்காவுடையது. சுற்றிவர மானாவாரி வயல். குளத்துத் தண்ணீர் எட்டாத, மழையை நம்பிய மண். போன வருடம் ஒரு காப்புறுதிக் கொம்பனி அங்கே புதுவிதமான பயிர்க் காப்புறுதி ஒன்றைக் கொண்டுவந்தது. பயிர் செத்ததா பிழைத்ததா என்று வயலுக்கு வந்து பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள். ஊர் நடுவே ஒரு மழைமானி இருக்கும். குறித்த நாட்களில் அதில் விழும் மழை ஒரு கணக்குக்குக் குறைந்தால், பதிந்த நாற்பத்தொரு குடும்பத்துக்கும் இழப்பீடு உண்டு. குறையாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. அந்த மழைமானியைத் தினமும் வாசிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

கொம்பனியிலிருந்து வந்த நிரோஜினி முதலில் கடைக்காரரைக் கேட்டாள். அவர் காலையில் கடை திறக்கும் நேரம் அவருக்கே நிச்சயமில்லை. பிறகு ஒரு வாத்தியாரைக் கேட்டாள். அவர் சனி, ஞாயிறு பட்டணத்தில். வெயிலுக்கு ஒதுங்கி ரபீக்கா வீட்டில் தண்ணீர் கேட்டபோது, உள்ளே ஒரு வாடிக்கைக்காரியோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. தோள் அளவு அரை நூல் கூடிவிட்டது, அவிழ்த்துத் திரும்பத் தைக்கிறேன் என்று தையற்காரி சொல்ல, பரவாயில்லை தாருங்கள் என்று வாடிக்கைக்காரி கெஞ்சிக்கொண்டிருந்தாள். நிரோஜினி தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் ஆளைத் தீர்மானித்துவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த முற்றத்தின் சட்டமே மாறிப்போனது. மழைமானிக்கு மேலே எதுவும் சொட்டக்கூடாது என்று முருங்கை மரத்தின் ஒரு பக்கக் கிளைகள் போயின. கொடிக்கயிறு வீட்டின் பின்பக்கம் போனது. ஆடு கம்பத்தில் உரஞ்சாமல் இருக்க இலங்கைத்துறையில் இருக்கும் மைத்துனர் ஒருவரிடம் பழைய மீன்வலை வாங்கி வேலி அடித்தாள். முதல் கிழமை அந்த வேலியில் சிக்கியது பாஹிமின் சாரம். குச்சவெளியில் சொந்தத்துக் கலியாணத்துக்குப் போன இடத்திலும், விருந்துச் சோறு இறங்க முன் மாலை பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள். "மாப்பிள்ளை முகத்தைப் பாத்தியா?" என்று கேட்டவர்களுக்கு, "நாளைக்கு எட்டரைக்கு மழைமானிட முகத்த ஆர் பாக்கிறது?" என்பது அவள் பதில்.

இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. மழை நாளில் யாராவது வாசலுக்கு வந்தால், முகத்தைப் பார்க்க முன் தோளைப் பார்ப்பாள். "தோப்பூர்ச் சந்தியில நாலு மில்லிமீற்றர் பெஞ்சிருக்கும் போல" என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

புதுக் காப்புறுதியை ஊருக்கு விளங்கப்படுத்தியதும் அவள்தான். நிரோஜினி படம் போட்டுக் கீறிக் காட்டியும் புரியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்த கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து எழுந்து சொன்னாள்:

"இது உங்கட உடம்புக்கு அளவெடுத்துத் தைக்கிற சட்டை இல்ல. ரெடிமேட். மழைமானிட அளவுக்குத் தைச்சு நாப்பத்தொரு பேருக்கும் அதையே தருவாங்க. ஒராளுக்குத் தொளதொள எண்டு இரிக்கும், ஒராளுக்குக் கக்கத்தில பிடிக்கும். பிடிக்கிற ஆள் என்னோட சண்டைக்கு வரப்படாது. இப்பவே சொல்லிப்போட்டன்."

கூட்டம் சிரித்தது. கைநாட்டும் கையெழுத்துமாகப் பதிந்தார்கள். கக்கத்தில் பிடிக்கப்போவது யாருக்கு என்று அன்றைக்கு அவளுக்கும் தெரியாது.

இந்த வருடம் பெரும்போகத்துக்கு விதைத்த கையோடு வானம் கதவைச் சாத்திக்கொண்டது. நவம்பர் ஆறாம் திகதி தொடக்கம் டிசம்பர் ஐந்தாம் திகதி வரை முப்பது நாள். அதற்குள் மழைமானியில் சேரும் மழை ஐம்பது மில்லிமீற்றருக்குக் குறைந்தால் எல்லோருக்கும் திரும்ப உழுது விதைக்கக் காசு வரும். முதல் பதினாறு நாளில் தூறலும் சாரலுமாக 46.8 சேர்ந்தது. அதன் பிறகு சைபர், சைபர், சைபர்.

பாஹிமின் இரண்டு ஏக்கர் மேட்டு வயல். மண் வாய் பிளந்து, முளைத்த பயிரெல்லாம் காய்ந்து சுருண்டுவிட்டது. கட்டாரில் பதினொரு வருடம் லொறி ஓட்டிவிட்டுப் போன வருடம் வந்து சேர்ந்தவன் அவன். இனிப் போகமாட்டேன், மண்ணோடு கிடந்து பார்க்கிறேன் என்று சொல்லி இறங்கிய முதல் பெரிய விதைப்பு இது. இழப்பீடு வந்தால் திரும்ப விதைக்கலாம். வராவிட்டால்? அண்மைக்காலமாக அவன் பழைய கூட்டாளிகளுக்கு அடிக்கடி போன் எடுத்து, அங்கே இப்போது வெயில் எப்படி என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தான். கட்டார் வெயிலில் யாருக்கும் அவ்வளவு அக்கறை இருக்க நியாயமில்லை என்று ரபீக்காவுக்குத் தெரியும். அந்த போன் கதைகளின்போது அவள் மெஷினை வழக்கத்தைவிட வேகமாக மிதித்தாள்.

ஆக, மழை வராமல் இருப்பதுதான் அந்த வீட்டுக்கு நல்லது. டிசம்பர் ஐந்து, சனிக்கிழமை காலை எட்டரை மணி வரை.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசல் நிருவாகம் வெள்ளிக்கிழமை காலை மைதானத்தில் மழைத் தொழுகை என்று அறிவித்தது.

வியாழக்கிழமை பின்னேரம் ரபீக்காவின் முற்றத்தில் மாநாடு. நிருவாகத்தில் இருக்கும் முனீப் வந்திருந்தான். அவனுக்கும் மேட்டு வயல்தான். கிளிவெட்டியிலிருந்து கனகசுந்தரம் சைக்கிளில் வந்திருந்தார். அவருடைய வயல் பள்ளத்தில், வாய்க்கால் ஓரம். அடிமண்ணில் ஈரம் ஒட்டிக்கொண்டிருந்ததால் அவருடைய பயிர் இன்னும் பச்சை.

"ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்தினா என்ன?" என்று முனீப் தொடங்கினான். "லீவு நாள். சனமும் கூட வரும்."

கனகசுந்தரம் சிரித்தார். "தம்பி முனீப், நேரச் சொல்லுமன், சனிக்கிழமை எட்டரை தாண்டட்டும் எண்டு. ஆண்டவனுக்குக் கொம்பனித் திகதி தெரியாதெண்டு நினைக்கிறீரோ?"

"கனகண்ணன், உங்களுக்குப் பகிடி. உங்கட பயிர் நிக்குது."

"நிக்குது. இன்னும் ரெண்டு நாள் தாங்கும். அதுக்குப் பிறகு அதுவும் மாட்டுக்குத்தான். கொம்பனி தாறது உழவுக்கும் விதைநெல்லுக்கும். என்ர பயிர் தப்பினா எனக்கு அறுபது மூட்டை. நாங்களும் நாளைக்குக் காலமை குளக்கட்டுப் பிள்ளையாருக்குப் பொங்கிறம். ஒரேயடியாக் கேப்பம் எண்டுதான் நாளும் பாத்தனாங்கள்."

"ரெண்டு பக்கத்தாலயும் கேட்டா மழை நிச்சயம் வந்திரும்" என்று முனீப் கவலையோடு சொன்னான்.

பாஹிம் தரையில் ஒரு குச்சியால் கோடு கீறிக்கொண்டிருந்தான். முனீப் ரபீக்கா பக்கம் திரும்பினான்.

"நீங்க சொல்லுங்க ராத்தா. வெள்ளி தொழுதா மழை எப்ப வரும்?"

ரபீக்கா வாயில் கடித்திருந்த ஊசியை எடுத்தாள். "நான் வந்த மழையைத்தான் அளப்பன். வாற மழைக்கு எனக்கிட்ட அளவுநாடா இல்ல. அது போக, நீங்க மூண்டு பேரும் மழைமானிக்கு எல்லாப் பக்கத்தாலயும் நிக்கிறீங்க. காத்து மறையுது. அங்கால போய் நிண்டு சண்டை பிடிங்க."

விசயம் மௌலவியின் காதுக்கும் போனது. அவர் சத்தமாகச் சிரித்தாராம். "கேக்கிறது நம்மட வேல. நேரம் குறிக்கிறது நம்மட வேல இல்ல. வெள்ளிதான்."

மழைத் தொழுகையில் இமாம் தோளில் போட்ட போர்வையை உள்பக்கம் வெளியாகப் புரட்டிப் போடுவார். நிலைமை இப்படிப் புரளட்டும் என்பது அதன் கருத்து. புதிய போர்வைக்கு ஓரம் அடித்துத் தரும்படி மௌலவி ரபீக்காவிடம்தான் கொடுத்திருந்தார். வழக்கமாக உள்தையலை யாரும் பார்க்கப்போவதில்லை. இது புரளும் என்று தெரிந்ததால், அவள் உள்பக்கத்தையும் வெளிப்பக்கம் போலவே நூல் தெரியாமல் மடித்துத் தைத்தாள். மழை வந்தால் தன் வீட்டுக்குக் கேடு என்று தெரிந்துகொண்டுதான் தைத்தாள். வெள்ளிக்கிழமை மைதானத்தின் ஓரத்தில் பெண்களோடு நின்று, போர்வை புரண்ட நொடியில் எது உள், எது வெளி என்று தெரியாததைப் பார்த்து, அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

தொழுகை முடிந்து வரும்போது பாஹிமிடம் கேட்டாள்.

"நீங்க என்ன கேட்டீங்க?"

"மழைதான் கேட்டன். வேற என்னத்தைக் கேக்கிற?"

"எப்ப எண்டு?"

பாஹிம் கொஞ்ச தூரம் நடந்தான். "எட்டரைக்குப் பிறகு எண்டு... மனசுக்குள்ள, சின்னதா."

அவளால் சிரிப்பை அடக்க ஏலவில்லை. அவனும் சிரித்தான். வீட்டுக்கு வந்தால் கனகசுந்தரம் அனுப்பிய பொங்கல் வாழையிலையில் மூடி வைத்திருந்தது. இரண்டு பேரும் அதைச் சாப்பிட்டார்கள். வானம் அப்போதும் பீங்கான்தான்.

சனிக்கிழமை ஆறு மணிக்குக் காற்று திசை மாறியது. கொட்டியாரக் குடாப் பக்கமிருந்து உப்பு வாசம் அடித்தது. ஆறரைக்கு முதல் தூறல். ஓட்டில் விழுந்த சத்தத்தைக் கேட்டு ரபீக்கா குசினியில் அப்படியே நின்றாள். இது எத்தனை மில்லிமீற்றர் மழை என்று அவள் காது தன்பாட்டுக்குக் கணக்குப் போடத் தொடங்கியது. அந்த நேரத்தில் அந்தக் காதைக் கழற்றி வைக்க முடிந்தால் வைத்திருப்பாள்.

எட்டு மணிக்கெல்லாம் வலை வேலியைச் சுற்றி ஊர் நின்றது. குடை, சாக்கு, தலையில் கவிழ்த்த பிளாஸ்ரிக் பேசின். மேட்டு வயல்காரர் ஒரு பக்கம், பள்ள வயல்காரர் ஒரு பக்கமாக, யாரும் சொல்லாமலே பிரிந்து நின்றார்கள். 3.2 மில்லிமீற்றர். அதைத் தொட்டால் முப்பது நாள் கணக்கு ஐம்பது. எல்லோருக்கும் அந்த எண் மனப்பாடம்.

எட்டு இருபதுக்கு ரபீக்கா குந்திப் பார்த்தாள். "ரெண்டு தசம் ஆறு" என்றாள். மேட்டுப் பக்கம் பெருமூச்சு விட்டது. அந்த மூச்சு முடிய முன் தூறல் தடித்து மழையானது.

"எடு ராத்தா! இப்ப எடு!" என்றான் முனீப். "பத்து நிமிசந்தானே!"

"எடுக்காதயுங்கோ தங்கச்சி, நேரம் இருக்கு!" என்று மற்றப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"மனிசி பாங்குக்குப் பாத்த மாதிரியெல்லோ மணி பாக்குது!"

பாஹிம் வேலியைத் தாண்டிக் கிட்ட வந்தான். அவன் தலைமயிரிலிருந்து தண்ணீர் மூக்கில் வழிந்தது. மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்:

"புள்ள, போன்ல மணி பத்து நிமிசம் முந்தி ஓடினா ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"எனக்கு அங்க திரும்பிப் போக விருப்பமில்ல, ரபீக்கா."

இத்தனை நாளும் அவன் வாயால் சொல்லாத சொல் அது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். எட்டு இருபத்துமூன்று. "எனக்கும் நீங்க போக விருப்பமில்ல" என்று சொல்லிவிட்டு, கொப்பியைச் சோட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கையைக் கட்டி மழையில் நின்றாள்.

ஏழு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. ஒரு பிளாஸ்ரிக் பேசினில் மழை விழும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. பிறகு யாரோ தும்ம, யாரோ சிரிக்க, கனகசுந்தரம் "நிக்கிற நேரத்துக்கு ஒரு பிளேன்ரீயாவது தரலாம்" என்றார்.

எட்டரை. அவள் குந்தினாள். ஒரு கண்ணை மூடினாள். தண்ணீர் குழாயின் ஓரத்தில் ஏறி நடுவில் பள்ளமாக நிற்கும். பார்க்கவேண்டியது பள்ளத்தை. பார்த்தாள். எழுந்து, முகத்தைத் துடைத்து, திரும்பக் குந்திப் பார்த்தாள்.

"மூண்டு தசம் ஆறு. எல்லாமாக ஐம்பது தசம் நாலு."

ஒரு நூலின் வித்தியாசம்கூட இல்லை. கொம்பனி ஒருவருக்கும் காசு தராது. பள்ள வயல்காரர்கள் சந்தோசப்படவும் வெட்கப்பட்டு நின்றார்கள். முனீப் தலையில் இருந்த பேசினை நிலத்தில் போட்டு அதன் மேலேயே குந்திவிட்டான்.

"ராத்தா, கக்கத்தில நல்லாப் பிடிக்குது" என்றான்.

முதலில் சிரித்தது மேட்டுப் பக்கந்தான்.

ஆனால் வேலை முடியவில்லை. முப்பதாம் நாள் பக்கத்தில், வாசித்தவரின் கையெழுத்துக்குக் கீழே பதிந்த கமக்காரர் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்துப் போடவேண்டும். ரபீக்கா கொப்பியை நீட்டினாள். முனீப் அதைப் பார்க்காதவன் போல மேகத்தைப் பார்த்தான். பக்கத்தில் நின்றவர் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். கனகசுந்தரம் நீட்டிய கையைத் தானே இழுத்துக்கொண்டார்.

"நான் போட்டால் வடிவா இராது தங்கச்சி. என்ர பயிர் தப்பினதுக்குப் போட்டன் எண்டு கதைப்பினம். மேட்டு வயல்காரர் ஆராவது போட்டாத்தான் சரி."

மேட்டு வயல்காரர் ஒருவரும் அசையவில்லை. கொப்பி நீட்டியபடியே நின்றது.

பாஹிம் மழைமானிக்கு முன்னால் வந்து, வாழ்க்கையில் முதல் முறையாக, அவளைப் போலவே முழங்காலை மடக்கிக் குந்தினான். ஒரு கண்ணை மூட வராமல் கையால் பொத்திக்கொண்டான். நெடுநேரம் பார்த்தான்.

"மூண்டு தசம் ஆறுதான்" என்றான் எழுந்து. பிறகு திரும்பாமலே கேட்டான்: "கனகண்ணன், இப்ப விதைச்சா மூண்டு மாச நெல்லு தாங்குமா?"

"இந்த மழை நிண்டால் தாங்கும். உங்கட விதைநெல் இல்லாட்டி என்னட்ட கிடக்கு. மண் கொஞ்சம் இளகட்டும், திங்கள் உழுறதுக்கு லேண்ட்மாஸ்டரைக் கொண்டு வாறன்."

"திங்கள் வேணாம். நாளைக்கே வாங்க."

அவன் கையைத் துடைக்க இடம் தேடினான். சாரம், சேர்ட், எல்லாம் நனைந்திருந்தது. மழை இப்போது சரம்சரமாக விழுந்தது. ரபீக்கா கொப்பியை வலைக் கம்பத்தின் மேல் விரித்து வைத்தாள்.

"முழுப் பேரையும் எழுதுங்க. கட்டார்ல போட்ட மாதிரிக் கிறுக்காதீங்க" என்றாள்.

அவன் பேனையைப் பிடித்து முதல் எழுத்தைத் தொடங்கினான். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, அவன் எழுதும் இடத்துக்கு மேலே கூரையாகப் பிடித்து, அவன் பேனை நகர நகர அந்தக் கூரையையும் நகர்த்திக்கொண்டே போனாள்.